சரண்டர் வேல்யூ

அருப்புக்கோட்டையில் நான் ப்ளஸ் ஒன் படித்த வகுப்பறையில், கரும்பலகையின் வலது மேல் மூலையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருக்கும். அதை யாரும் அழிக்கக் கூடாது. பென்சீன் வளையம் வரைய இடமில்லாமல் கெமிஸ்ட்ரி சார் திணறினாலும் அந்த மூலையில் கை வைக்கமாட்டார். அது ‘இன்றைய சொல்’லுக்கான இடம். ஒரு இங்கிலீஷ் வார்த்தை, ஒரு சமக்குறி, இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை. மெட்டிகுலஸ் = கேர்ஃபுல். கேருலஸ் = டாக்கட்டிவ். லகானிக் = ப்ரீஃப். காலையில் ப்ரேயர் முடிந்து வந்ததும் முதல் வேலை அதை நோட்டில் எழுதிக்கொள்வதுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரண் மேலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். எங்கள் அம்மா எழுதிய காகிதம் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட விடமாட்டார். இரண்டு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் சொற்கள். நீல மையில் சொல், சிவப்பு மையில் பொருள், கோணல் இல்லாத கையெழுத்து. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனபோதுதான் ஒன்று உறைத்தது. நோட்டு முழுக்கத் தேடியும் ஒரு வாக்கியம்கூட இல்லை.

இந்தக் கட்டுரை அந்த நோட்டுக்கு எதிரானது. ‘நல்ல வொகாபுலரி’ என்ற பெயரில் நம் ஊரில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்படும் மூட்டை மொத்தத்துக்கும் எதிரானது. அது இங்கிலீஷைக் கற்றுத்தருவதில்லை என்பது பாதிக் குற்றச்சாட்டுதான். தனக்கு இங்கிலீஷ் வராது என்கிற பயத்தை அது நன்றாகக் கற்றுத்தருகிறது என்பது மீதிப் பாதி.

எங்கள் இங்கிலீஷ் சாரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கரிசல்காட்டு கிராமம் ஒன்றில் தமிழ் மீடியத்தில் படித்து, ஹிந்து பேப்பரின் தலையங்கத்தில் தெரியாத வார்த்தைக்கெல்லாம் அடிக்கோடு போட்டுப் போட்டே எம்.ஏ. வரை போனவர். தனக்குத் திறந்த கதவைத்தான் எங்களுக்கும் காட்டினார். ஆனால் அவர் தலையங்கத்தைப் படித்தார். எங்களுக்கு அடிக்கோடு மட்டும்தான் கிடைத்தது.

அதனால் என்ன ஆகும்? ஒருநாள் ஸ்கூல் வாசலில் எனக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பக்கத்து பெஞ்சுக்காரன் என் கையைப் பிடித்து இழுத்து, “பீ மெட்டிகுலஸ்டா!” என்று கத்தினான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னான். எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நோட்டில் அப்படித்தானே இருக்கிறது? மெட்டிகுலஸ் என்றால் நல்ல தையல்காரர் காஜா எடுக்கும்போது இருக்கிற கவனம், லாரிக்கு ஒதுங்குகிற கவனம் வேறு என்பது ரொம்ப வருடம் கழித்து ஏதோ ஒரு துப்பறியும் நாவலில் அந்தச் சொல்லை அதன் வீட்டிலேயே சந்தித்தபோதுதான் புரிந்தது. அந்தச் சமக்குறி பொய். நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். இரண்டு விஷயங்கள் சமம் என்றால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அங்கே வைத்தாலும் புரோகிராம் ஓடவேண்டும். மொழிக்குள் எல்லா இடத்திலும் அப்படி மாற்றிப்போடக்கூடிய இரண்டு சொற்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

2007 வாக்கில் ப்ளஸ் டூ எழுதியவர்களுக்கு இங்கிலீஷ் ஃபர்ஸ்ட் பேப்பர் மறந்திருக்காது. சினானிம், ஆன்டனிம். அப்புறம் பிளெண்டிங்: மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டவைத்தால் மோட்டல், ஸ்மோக்கையும் ஃபாகையும் ஒட்டவைத்தால் ஸ்மாக். எங்கள் ஊரில் மோட்டலும் கிடையாது, ஸ்மாக்கும் கிடையாது. வாக்கியத்தைக் கொடுத்தால் கோழியை வெட்டுகிற மாதிரி எஸ்.வி.ஓ.சி.ஏ. என்று துண்டு போடத் தெரியும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது என்றால் கை நடுங்கும். போதாக்குறைக்கு இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-ல் கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. இங்கிலீஷுக்கு அதில் ஒரு மார்க்கும் இல்லாததால், இங்கிலீஷ் பீரியடில் பாதியைக் கணக்கு சார் டெஸ்ட் வைக்க வாங்கிக்கொள்வார். ஐந்து பக்கக் கதையைப் படிக்க நேரம் கிடைக்காது. ஆனால் மூலையில் ஒரு சொல் எழுத அரை நிமிடம் போதும். ‘இன்றைய சொல்’ அவ்வளவு பிரபலமானதன் ரகசியம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். செலவே இல்லாத கல்வி. இதற்கிடையில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் ஃபைன் வேறு. இன்டர்வெல்லில் எங்கள் வராண்டா ஊமைப்படம் மாதிரி இருக்கும்.

கல்லூரிக்குப் போனால் மூட்டை பெரிதானது. மதுரை ஹாஸ்டலில் பேரன்ஸ் ஜி.ஆர்.இ. புத்தகத்தின் 3,500 சொற்கள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸாக அறைக்கு அறை சுற்றும். பட்டியலின் தொடக்கத்திலேயே ‘அபேஸ்’ என்று ஒரு சொல் வரும். இங்கிலீஷில் அதற்குத் தாழ்த்துவது என்று பொருள். எங்களுக்குத் தெரிந்த அபேஸ் வேறு. பெரும்பாலானவர்கள் ‘ஏ’ எழுத்தைத் தாண்டவில்லை. என் ரூம்மேட் தாண்டினான். தமிழ் மீடியம், அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது சொல் என்று கணக்கு வைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டே உருப்போடுவான். கோவிலில் போற்றி சொல்வது போலவே கேட்கும்.

கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. குரூப் டிஸ்கஷன். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம், தலைப்பு செல்போனைப் பற்றி. எல்லோரும் அடித்துப்பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது இவன் கையைத் தூக்கி, செல்போன் இன்றைக்கு எங்கும் நிறைந்த ஒன்றாகிவிட்டது என்று ஆரம்பித்தான். எங்கும் நிறைந்த என்பதற்கு அவன் பட்டியலில் இருந்த சொல் யுபிக்விடஸ். அவன் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டி “உபிகுயிட்டஸ்” என்றான்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வட்டத்தில் ஒருத்தன் மெதுவாக அதைத் திருப்பிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சரியான உச்சரிப்பு தெரிந்திருந்ததால் இல்லை. சிரிக்கிற பக்கம் இருந்தால் தெரிந்தவன் போல இருக்கும் என்பதால். அந்த வட்டத்தில் அன்றைக்குச் சொல்லப்பட்ட மிகப் பொருத்தமான சொல் அதுதான் என்று இப்போது தெரிகிறது. இடம், பொருள் எல்லாம் கச்சிதம். சத்தம் மட்டும்தான் பிசகு. அவன் அதற்குப் பிறகு அந்த அறையில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலை அவன் தூக்கிப்போடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல். தன் பேரில்தான் குறை என்று நினைத்து இன்னும் தீவிரமாகப் படித்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாங்கள் கல்லூரி முடித்த 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ. தேர்வே மாறியது. எதிர்ச்சொல் கேள்விகளையும், இதற்கு இது என்றால் அதற்கு எது என்கிற ஒப்புமைக் கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். சொல்லை அதன் வாக்கியத்தில் வைத்துத்தான் இனி கேட்பார்கள். 2016-ல் அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வும் தன் பழைய அரிய சொற்களைக் கைவிட்டது. கடைக்காரனே கடையை மூடிவிட்டுப் போய்விட்டான், நாம் இன்னும் வாசலில் வரிசையில் நிற்கிறோம். வரிசை குறைந்ததாகத் தெரியவில்லை. 2017-ல் சசி தரூர் ட்விட்டரில் ‘ஃபராகோ’ என்று ஒரு சொல்லைப் போட்டபோது நம் பள்ளி வாட்ஸப் குழுக்கள் கொண்டாடித் தீர்த்தன. தனக்குச் சொற்கள் வந்தது படித்துப் படித்துத்தான், அகராதியை உருப்போட்டு இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

இந்தச் சண்டை புதிதில்லை. ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே நம் துணைக்கண்டத்தில், டாக்காவில், ஒருவர் இதைப் போட்டார். மைக்கேல் வெஸ்ட். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். வங்காளத்துப் பிள்ளைகள் வருடக்கணக்கில் இங்கிலீஷ் படித்தும் ஏன் ஒரு புத்தகத்தைப் படிக்க முடியவில்லை என்று ஆராய்ந்தார். பாடப் புத்தகங்களில் புதிய சொற்கள் நெருக்கி அடித்துக்கொண்டு வருவதையும், வந்த சொல் திரும்ப வராமல் போய்விடுவதையும் கண்டார். 1926-ல் அவர் வெளியிட்ட இருமொழியம் பற்றிய அறிக்கையில் ஒரு கருத்து இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் சரண்டர் வேல்யூ.

நம் வீடுகளில் இந்த வார்த்தை தெரியாதவர்கள் கிடையாது. எல்.ஐ.சி. பாலிசியைக் கட்டி முடிக்காமல் பாதியில் நிறுத்தினால் கையில் எவ்வளவு தேறும் என்பதுதான் சரண்டர் வேல்யூ. அக்கா கல்யாணத்துக்கு அப்பா ஒன்றை அப்படி முறித்தபோது ஏஜென்ட் மாமா திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது. வெஸ்ட் அதே கேள்வியைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கேட்டார். பாதிப் பிள்ளைகள் படிப்பை முடிக்காமலே போய்விடுகிறார்கள் என்றால், போகிற பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? கடைசி வருடத்தில்தான் பலன் தரும் என்கிற படிப்பு, நின்றுபோனவர்களுக்கு ஒன்றுமே தருவதில்லை. அதனால் வாசிப்பைக் கொடுங்கள் என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் ஐந்தாம் வகுப்பு அளவுக்கு ஒரு கதையைப் படிக்க முடியும். அது அவன் சொத்து. அதற்காகவே குறைந்த சொற்களில், புதிய சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டுகிற வாசிப்பு நூல்களைத் தயாரித்தார். 1953-ல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார். அந்த இரண்டாயிரத்தைக் கொண்டே சாதாரண இங்கிலீஷ் எழுத்தில் எண்பது சதவீதத்தைத் தாண்டிவிடலாம்.

என் நானூறு சொற்களின் சரண்டர் வேல்யூ என்ன? என் ரூம்மேட்டின் ஆயிரக்கணக்கான சொற்களுடையது? எங்கள் வகுப்பில் ப்ளஸ் டூவோடு நிறுத்தி அப்பாவின் மளிகைக்கடைக்குப் போனவன் கையில் என்ன தேறியது? கேருலஸ் என்றால் டாக்கட்டிவ் என்று அவனுக்கு இன்றும் தெரியும். கடைக்கு வந்த ஜி.எஸ்.டி. நோட்டீஸைப் படிக்க ஆடிட்டரிடம் போகிறான்.

“அப்போ மனப்பாடமே தப்புங்கிறீங்களா? நம்ம முன்னோர் நிகண்டு உருப்போடலையா?” என்று நண்பரான தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. திண்ணைப் பள்ளிகளில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை உருப்போட்டார்கள்தான். அது செய்யுளாக இருந்ததே அதற்காகத்தான். ஆனால் அதன் பதினோராம் தொகுதியைப் பாருங்கள்: ஒரு சொல், பல பொருள். நாங்கள் படித்ததோ ஒரு சொல், ஒரு பொருள், மேலே பேச்சில்லை. அதைவிட முக்கியம், நிகண்டு முடிந்த பையன் அடுத்து ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து அந்தாதியும் கோவையும் புராணமும் பாடம் கேட்டான். மனப்பாடம் செய்த சொல் அங்கே செய்யுளுக்குள் நடமாடுவதைப் பார்த்தான். நிகண்டு சாவிக்கொத்து என்றால் அவனுக்கு வீடும் இருந்தது. எங்களுக்குச் சாவிக்கொத்தைக் கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னார்கள்.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘சிம்பிள் இங்கிலீஷ் போதும் பாஸ், கம்யூனிகேட் ஆனா சரி’ என்பவர்கள். ஐ.டி. கம்பெனிகளின் சாஃப்ட் ஸ்கில் பயிற்சியாளர்கள் இந்தக் கட்சி. நான் அவர்களோடும் இல்லை. அவர்கள் சொல்கிற போதும், மேனேஜரின் மெயிலுக்குப் பதில் போடுவதற்குப் போதும். ஒரு நாவலையோ நல்ல செய்தித்தாளையோ துணையில்லாமல் படிக்க எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்கவேண்டும் என்று நியூஸிலாந்தின் மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் கணக்குக் காட்டினார். ஐம்பது சொல்லில் ஒன்றுக்கு மேல் தெரியாததாக இருக்கக் கூடாது என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. ஆக, பெரிய சொற்கள் தேவைதான். ஏழைப் பிள்ளைக்கு எளிய இங்கிலீஷ் போதும் என்பது கருணையாகத் தெரிகிற கஞ்சத்தனம். ஆனால் இரண்டாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குக் கரும்பலகை மூலை வழியாகப் போகமுடியுமா? வருடத்துக்கு இருநூறு பள்ளி நாள், நாளுக்கு ஒரு சொல் என்றால் முப்பது வருடம் ஆகும். பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் முதல் நாவலைக் கையில் எடுக்கலாம். அவ்வளவு சொற்கள் ஒரு மனிதனுக்குள் வருவதற்குப் படிப்பதைத் தவிரப் பெரிய வழி இல்லை. நமக்குத் தமிழில் வந்ததும் அப்படித்தான். ‘எகத்தாளம்’ என்ற சொல்லை எந்த நோட்டில் எழுதிப் படித்தீர்கள்?

என் தொழிலில் இதை நாங்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். 2013-ல் கூகுள் ஆய்வாளர்கள் வேர்ட்2வெக் என்ற முறையை வெளியிட்டார்கள். கணினிக்கு அகராதி எதையும் கொடுக்காமல், கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட வாக்கியங்களை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் யார் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கவிட்டார்கள். பொருளில் நெருங்கிய சொற்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அதில் எனக்குப் பிடித்த விஷயம், சூடும் குளிரும் போன்ற எதிர்ச்சொற்களும் பெரும்பாலும் பக்கத்திலேயே உட்காரும் என்பது. இரண்டும் டீக்கும் தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் பக்கத்தில்தானே வருகின்றன? ஆன்டனிம் கேள்வியில் எதிரெதிர் முனையில் நிறுத்திய சொற்கள் புழக்கத்தில் ஒரே தெருக்காரர்கள். இன்றைய பெரிய மொழி மாதிரிகளும் வாக்கியங்களைத் தின்றுதான் வளர்ந்தன. மெஷினுக்கு வாக்கியம், பிள்ளைகளுக்குப் பட்டியல்.

ரூம்மேட் இப்போது ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் இன்சார்ஜ். போன வருடம் பார்த்தபோது பீகார், ஒடிசா பையன்களோடு சரளமாக ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தான். ஆச்சரியமாக இருந்தது.

“எங்கடா கத்துக்கிட்ட?”

“டீக்கடையிலதான். மொதல்ல தப்புத் தப்பா பேசுவேன், சிரிப்பானுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சிரிச்சுட்டு பதில் சொல்வானுங்க.”

நான் அந்த குரூப் டிஸ்கஷனைப் பற்றிப் பேச நினைத்தேன். பேசவில்லை.

இதையெல்லாம் எழுதுகிறவன் திருந்திவிட்டான் என்று நினைக்கவேண்டாம். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெண்ணை இன்டர்வியூ எடுத்தேன். டேட்டாபேஸில் இரண்டு வேலைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நகரமுடியாமல் நின்றுவிடுகிற டெட்லாக் சிக்கலை, பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக, நான் பார்த்தவர்களிலேயே தெளிவாக விளக்கினார். நடுவில் ‘ஹைரார்க்கி’யை ‘ஹெய்ராச்சி’ என்றார். அவர் பேசி முடிக்கும் முன்பே என் கை ஃபார்மில் ‘கம்யூனிகேஷன்: ஆவரேஜ்’ என்ற பெட்டியை டிக் செய்துவிட்டது. சாயங்காலம் உறுத்தி, திருத்தலாம் என்று திறந்தால் ஃபார்ம் லாக் ஆகியிருந்தது. ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். அதற்குள் முடிவு போய்விட்டது என்றார்கள். அந்த மேசைக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டவர் இப்போது நான்தான்.

அக்கா மகள் இந்த வருடம் பதினொன்றாவது. அவளுக்குக் கரும்பலகை மூலை இல்லை, போனில் ஆப் இருக்கிறது. கார்டைத் தள்ளினால் சொல், திருப்பினால் பொருள், தொடர்ந்து எத்தனை நாள் படித்தாள் என்று ஒரு தீச்சுடர் வேறு எரியும். “மாமா, கேள்வி கேளுங்க” என்று போனை நீட்டினாள். முதல் கார்டில் என் பழைய நண்பன் கேருலஸ். அது சரி என்று போனை வாங்கி வைத்துவிட்டு ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ புத்தகத்தைக் கொடுத்தேன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்குப் படித்தவர் எழுதியது என்று சொன்னேன். அதைக் கேட்டதும் கொஞ்சம் ஆர்வமாக வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் போன் செய்தால் அக்கா எடுத்தாள். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

“அம்மா, மாமா சின்னப் பிள்ளைங்க படிக்கிற புக்கைக் குடுத்துருக்காங்க. நாப்பது பக்கம் படிச்சுட்டேன், ஒரு கஷ்டமான வார்த்தைகூட இல்ல.”